மூன்று ஸ்டேஷன் தள்ளி ஒரு பாடம்

1

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கை இன்று காலை தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, டிலானி ஏன் ரெண்டு பள்ளிக்கூடத்தில படிக்கிறாள்? முதல் பள்ளிக்கூடத்தில ஏதும் பிரச்சினையோ?"

ஊரில் ஒரு பிள்ளை நடுவில் பள்ளிக்கூடம் மாறினால் சனம் கண்டுபிடிக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: கலைத்துவிட்டார்கள், அதாவது துரத்திவிட்டார்கள். பாதி மாறியிருப்பதால் பாதி கலைத்திருப்பார்கள் என்று என் தங்கை நினைத்தாளோ என்னவோ. "அது இஞ்சத்தை முறையடி" என்று சிரித்துக்கொண்டே தொலைபேசியை வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஊரில் இருந்து வாசிப்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு லண்டனில், வால்தம்ஸ்டோவில். எங்களுக்கு ஒரே பிள்ளை, டிலானி, பதினேழு வயது. ஊரில் ஏ.எல். என்று சொல்வோமே, பல்கலைக்கழகத்துக்கு முந்தின அந்தப் படிப்புத்தான் படிக்கிறாள். கணிதம், பௌதிகம், இரசாயனம் மூன்றும் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அவளுடைய பள்ளிக்கூடத்தில். நான்காவதாக ஃபர்தர் மாத்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கணிதம் போதாதவர்களுக்கு மேலும் கணிதம். அவளுடைய பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்காக ஓர் ஆசிரியரை வைக்க ஏலாது என்று கைவிரித்துவிட்டார்கள். கைவிரித்தவர்களே ஒரு வழியும் சொன்னார்கள். அடுத்த கவுன்சிலின், அதாவது அடுத்த உள்ளூராட்சிச் சபையின், எல்லைக்குள், ஃபாரஸ்ட் கேட் பக்கம், ஒரு பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் நடக்கிறது. இரண்டு பள்ளிக்கூடங்களும் பேசி வைத்திருக்கும் ஏற்பாட்டின்படி, பிள்ளை செவ்வாய், வியாழன் பின்னேரங்களில் அங்கே போய் அந்த ஒரு பாடத்தை மட்டும் படித்துவிட்டு வரலாம். பெயர் இந்தப் பள்ளிக்கூடத்துப் பதிவிலேயே இருக்கும்.

பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க வேண்டும் என்பது டிலானியின் ஆசை. அவள் ஆசைப்படும் இடங்களில் சில, இந்தப் பாடம் இல்லாத விண்ணப்பத்தைத் திரும்பியும் பார்க்காதாம். கேட்ட இரண்டு பேரில் மற்றவன் பயணம் அலுப்பு என்று விட்டுவிட்டான். இவள் விடவில்லை.

2

பாடத்துக்கு ஓர் ஊர் என்று அலைவது எங்கள் தலைமுறைக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஏ.எல். படித்தபோது பள்ளிக்கூடத்துக்குப் போனது வருகைப் பதிவுக்காக. படித்தது ரியூசனில். வீடு பண்டத்தரிப்பில், இரசாயனம் சுன்னாகத்தில், பௌதிகம் மானிப்பாயில். ஒவ்வொரு மாஸ்ரருக்கும் ஒவ்வோர் ஊர். அந்த ஊர்களுக்கு நடுவில் சென்றிகள், அதாவது இராணுவக் காவலரண்கள்.

நாங்கள் நாலு பெட்டைப் பிள்ளைகள் சைக்கிளில் போவோம். வழமையான நாட்களில் அடையாள அட்டையைக் காட்டினால் ஆமிக்காரன் விட்டுவிடுவான். சுற்றிவளைப்பு நாட்களில் அந்தப் பகுதியில் வசிப்பவர்களை மட்டும்தான் உள்ளே விடுவான். முதல் தடவை அப்படி மறித்தபோது எங்களில் ஒருத்தி உண்மையைச் சொன்னாள், படிக்கப் போகிறோம், வீடு பண்டத்தரிப்பு என்று. நாலு பேரையும் திருப்பி அனுப்பினான். அன்றைக்கு மாஸ்ரர் வைத்த மாதிரிப் பரீட்சை போயே போய்விட்டது. அதற்குப் பிறகு நாங்கள் ஒரு முகவரி வைத்துக்கொண்டோம். சுன்னாகம் ஸ்டேஷன் ரோட்டில் எங்களோடு படித்த பிரமிளாவின் வீடு. எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் அந்த வீடு. நாலு பேரும் ஒரு வீடா என்று ஒருத்தன் கேட்டான். ஒன்றுவிட்ட சகோதரிகள் என்றேன். ஒருத்தி தாய் இல்லாத பிள்ளை, பெரியம்மாதான் வளர்க்கிறா என்றும் சேர்த்துச் சொன்னேன். கேட்காததையும் கொஞ்சம் சொன்னால்தான் நம்புவார்கள் என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. அவன் இரங்கிப்போய் கையைக் காட்டி விட்டான். நாங்கள் ஒழுங்கை திரும்பும் வரை அடக்கிக்கொண்டு போய், பிறகு சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தோம்.

பிறகு கொழும்பு லொட்ஜ், பொலிஸ் பதிவு, கட்டுநாயக்கா விமான நிலையம், இங்கே வந்து இறங்கிய அன்று ஒரு சின்ன அறையில் நடந்த விசாரணை. எல்லா இடத்திலும் ஒரு முகவரியும் அதற்கேற்ற ஒரு கதையும் கைவசம் இருந்தன. அதைப் பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. குடை கொண்டுபோவது மாதிரித்தான் அது எனக்கு.

3

போன வருடம் செப்டம்பரில் டிலானியின் அந்த ஒரு பாடத்துக்காக ஒரு படிவம் வந்தது.

எங்கள் மாதா கோயிலில் படிவம் என்றால் ரெஜினாதான். ரெஜினா நான். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேத்தண்ணியோடு ஆட்கள் வருவார்கள். அரசாங்க உதவிப் பணத்துக்கான பெனிபிட் படிவம், வீட்டுப் படிவம், தாய் தகப்பனைக் கூப்பிடும் விசா படிவம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிரப்பிக் கொடுப்பேன். வார நாட்களில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடிக்கும் எனக்கு, அந்த ஒரு மணி நேரம் பெரிய உத்தியோகம்.

அப்படிப்பட்ட நான் அந்தப் படிவத்தில் 'வசிக்கும் முகவரி' என்ற கட்டத்தைப் பார்த்ததும் பேனையை வைத்துவிட்டேன். பக்கத்திலேயே 'எந்தக் கவுன்சில்' என்று இன்னொரு கட்டம். இந்த நாட்டில் டொக்டரும் கவுன்சில் எல்லைக்குள், வீடும் எல்லைக்குள், குப்பை வாளியின் நிறம்கூட எல்லை தாண்டினால் மாறிவிடும். தங்கள் எல்லைப் பிள்ளைகள் காத்திருக்க, அடுத்த எல்லைப் பிள்ளைக்கு வகுப்பில் இருக்க யார் கதிரை கொடுப்பார்கள்? நான் யாரையும் கேட்கவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்றுதான் தோன்றியது.

என் கணவர் அருளின் அக்கா ஜெசிந்தா மச்சாள் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறா. அவவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"போடுங்கோ ரெஜினா, இதுக்கெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறியளே? என்ரை ரெண்டு பெடியளும் என்ன எங்கடை அட்ரசிலயே படிச்சவங்கள்?"

எங்கள் ஆட்களிடையே முகவரி என்பது கொண்டாட்டத்துக்குப் பெரிய சட்டி இரவல் வாங்குவது போன்ற ஒன்று. கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

அருள் மட்டும் மறித்தார். அவர் பஸ் கராஜில் மெக்கானிக். இருபது வருடமாக இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலால் கதைத்துக் கதைத்து அவருக்குக் குரல் பெரிது. உப்புக் கேட்டாலும் ஊருக்குக் கேட்கும். ஆனால் அந்தக் குரலில் கோபத்தை நான் கேட்டதில்லை.

"ரஜி, வசிக்கிற முகவரி எண்டெல்லே கேட்டுக் கிடக்கு. நாங்கள் அக்கா வீட்டில வசிக்கேல்லையே!"

"ஐயோ, ஏன் கத்துறியள்? எல்லாரும் போடுறதுதான். உங்களுக்கு உதுகள் விளங்காது."

"இல்லை, பிள்ளையின்ரை விஷயம். நேராப் போனால் என்ன?"

"நேராப் போய் நான் ஒருக்காத் திரும்பி வந்தனான்" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை. மச்சாளின் முகவரியை எழுதிக் கையெழுத்து வைத்தேன். டிலானிக்குச் சொல்லவில்லை.

4

இடம் கிடைத்தது. செவ்வாயும் வியாழனும் டிலானி மத்தியானம் தன் பள்ளிக்கூடத்தில் இருந்து குயின்ஸ் ரோட் ஸ்டேஷனுக்கு நடந்து, மூன்றாவது ஸ்டேஷனில் இறங்கி, அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். மாலை ஐந்தரைக்கு வீடு. அந்த இரண்டு நாட்களும் வீட்டுக்கு வருவது வேறு ஒரு பிள்ளை.

சாதாரண நாட்களில் பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டால் "ஃபைன்" என்ற ஒரு சொல் வரும். இங்கே பிள்ளைகள் வளர வளர அவர்களின் தமிழ் சுருங்குகிறது. ஒரு கட்டத்தில் அம்மா, அப்பா, பசி, காசு என்ற நாலு சொல்லோடு நிற்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் டிலானி சமையலறை மேசையில் தாளை விரித்துவைத்து, ஆங்கிலமும் தமிழும் கலந்து எனக்குக் கணக்குச் சொல்லித்தருவாள். எனக்குப் பாதி விளங்காது. விளங்காவிட்டாலும் வெங்காயத்தை மெதுவாக வெட்டிக்கொண்டு நிற்பேன், வெட்டி முடிந்தால் அவள் எழும்பிப் போய்விடுவாள் என்று.

"அங்க ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது அம்மா" என்றாள் ஒருநாள். "அங்க நான் மாத்ஸுக்கு வாற கேர்ள். அவ்வளவுதான். இட்ஸ் நைஸ்."

எனக்கு அது கொஞ்சம் சுட்டது. பிள்ளைக்கு எங்களைத் தெரியாத ஓர் இடம் பிடித்திருக்கிறது. ஆனாலும் சந்தோஷப்பட்டேன். நான் எழுதிக் கொடுத்த முகவரியால் வந்த சந்தோஷம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

5

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்க, டிலானி நனைந்து வந்தாள்.

"என்ரை கார்ட் வேலை செய்யேல்லை."

அங்கே பிள்ளைகள் கழுத்தில் தொங்கும் அட்டையை வாசல் கம்பியில் வைத்தால்தான் கதவு திறக்கும். இவள் வைத்தாளாம், சிவப்பு வந்ததாம். இன்னொரு தடவை, இன்னொரு தடவை. பின்னால் வந்தவர்கள் தங்கள் அட்டையை வைத்து உள்ளே போனார்கள். வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, உன் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வீட்டுக்குக் கடிதம் போட்டிருக்கிறோமே என்றாளாம். டிலானி வீட்டுக்கு வரவில்லை. பாடம் முடியும்வரை வாசலுக்கு வெளியே மழையில் நின்று, வெளியே வந்த ஒரு பிள்ளையிடம் கொப்பி வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"என்ன கடிதம் அம்மா? எங்களுக்கு லெட்டர் வரேல்லையே?"

கடிதம் வந்திருந்தது, மச்சாள் வீட்டுக்கு. மச்சாள் கல்யாண வீட்டுக்கென்று ஐந்து கிழமைக்கு ரொறொன்ரோ போயிருந்தா. மகன்மார் கதவுக்குப் பின்னால் விழுந்த கடிதங்களைக் காலால் ஒதுக்கிவிட்டிருக்கிறார்கள். இரண்டு கடிதம். ஒரே பெயர், ஒரே பிறந்த திகதி உள்ள பிள்ளைக்கு இரண்டு பள்ளிக்கூடங்களில் இரண்டு முகவரி இருக்கிறது, விளக்கம் தரவும் என்று முதலாவது. விளக்கம் வராததால் விசாரித்து முடியும்வரை பாடத்தை நிறுத்தி வைக்கிறோம் என்று இரண்டாவது.

அன்றுதான் டிலானிக்கு முகவரி விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. துவாயால் தலையைத் துடைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் பிள்ளையை ஒருத்தரும் வாசலில் மறிக்கக்கூடாது என்றுதான் அந்த முகவரியை எழுதினேன். அதனாலேயே மறித்துவிட்டார்கள். 

அடுத்த கிழமைக்குச் சந்திப்பு தந்தார்கள். மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ. வீட்டில கொஞ்சம் பிரச்சினை, நீங்களும் பிள்ளையும் மூண்டு மாதம் என்ரை வீட்டில வந்து இருந்தனீங்கள், இப்ப திரும்பிப் போட்டியள் எண்டு சொல்லுங்கோ. அப்ப ரெண்டு அட்ரசும் சரிதானே? இஞ்சத்தை ஆக்கள் குடும்பப் பிரச்சினை எண்டால் அதுக்கு மேல கிண்டமாட்டினம்."

"உங்கடை தம்பியை எல்லோ மச்சாள் குறை சொல்லவேண்டி வரும்?"

"அவனுக்கு இதால என்ன வரப்போகுது? அவன் தங்கமான பிள்ளை எண்டு எங்களுக்குத் தெரியும்தானே."

எனக்கு அது நல்ல கதையாகத்தான் பட்டது. ஓட்டை ஒன்றும் இல்லாத கதை. அருளுக்கு வேலை நாள். சந்திப்புக்கு நீங்கள் வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். ரயிலில் போகும்போது டிலானிக்குச் சொல்லிக் கொடுத்தேன். எந்த மாதம் போனோம், எந்த மாதம் வந்தோம், எந்த அறையில் படுத்தோம். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஓகே" என்றாள்.

6

அந்தப் பள்ளிக்கூடத்தின் பொறுப்பாசிரியை நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மேசையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தா. இரண்டிலும் என் கையெழுத்து. நான் தொடங்கினேன். கோயில் மண்டபத்தில் மற்றவர்களுக்காகச் சரளமாக வரும் என் ஆங்கிலம் அன்றைக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது. காலங்கள் குழம்பின. போன மாதம் வந்தோம் என்பதற்கு அடுத்த மாதம் என்றேன். அவ என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, டிலானியின் பக்கம் திரும்பி, நீ சொல்வதையும் கேட்க விரும்புகிறேன் என்றா.

டிலானி சொன்னாள். நிமிர்ந்து, அவவின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். மாமி வீட்டின் மேல் அறை, மச்சானின் பழைய கட்டில், ஒரு பையில் கொண்டுபோன உடுப்பு. நான் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகச் சொன்னாள். கடைசியில் கொஞ்சம் நிறுத்தி, குனிந்து, நான் சொல்லிக் கொடுக்காத ஒன்றைச் சொன்னாள்.

"மை டாட் ஷவுட்ஸ்."

என் அப்பா கத்துவார்.

பொறுப்பாசிரியையின் முகம் மாறியது. தாள்களை மூடி ஒருபக்கம் வைத்தா. வேறொரு கொப்பியை எடுத்து எழுதினா. பிறகு குரலைத் தாழ்த்தி, இப்போது வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று என்னைக் கேட்டா. நான் தலையாட்டினேன். என் தலை தானாக ஆடியது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் மேசையில் இருந்த டிலானியின் அட்டையும் தெரிந்தது.

அட்டையை அங்கேயே சரிசெய்து கொடுத்தார்கள். எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டபோது, போகிற போக்கில் அவ சொன்னா: "எப்படியும் நீங்கள் வால்தம்ஸ்டோ முகவரியைக் கொடுத்திருந்தாலே போதும். இந்த ஏற்பாடே வெளியில் இருந்து வரும் பிள்ளைகளுக்குத்தானே."

நான் அவவுக்கு நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

பிளாட்பாரத்தில் டிலானியிடம் கேட்டேன். "அப்பா கத்துவார் எண்டு நான் சொல்லச் சொல்லேல்லையே?"

"அதுக்கு ஏதாவது வேணுமே அம்மா. இல்லாட்டி நம்பமாட்டினம்."

என்னுடைய அதே கணக்கு. இத்தனை வருடமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன், செபம் சொல்லிக் கொடுக்கிறேன், ஒன்றும் முழுதாக ஏறவில்லை. இது மட்டும் ஒரு ரயில் பயணத்தில் ஏறிவிட்டது.

அருளுக்கு நான் சொன்னது, அட்ரஸ் பிழையாம், திருத்தியாயிற்று என்று மட்டும்.

7

அந்தக் குளிர் மாரி முழுக்க அருளின் குரல் இறங்கியே கிடந்தது. சாப்பாட்டு மேசையில் அவர் கேட்டது எனக்குக் கேட்காமல் இரண்டாம் தரம் கேட்பேன். கிரிக்கெட் பார்க்கும்போதுகூடச் சத்தம் இல்லை. தொண்டையில் ஏதோ என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். டொக்டரிடம் காட்டுங்கோ என்று நச்சரித்தேன். "ஒண்டுமில்லை, வயசு போகுதெல்லே" என்றார். பிள்ளை படிக்கிறாள், சத்தம் போடாமல் இருக்கிறார் என்று நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. ஒரு பாடத்துக்குப் பத்து நிமிடம். அருள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, தானே சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தார். நகத்துக்குள் கிறீஸ் போகும்வரை தேய்த்துக் கழுவியிருந்தார். கணித ஆசிரியர் டிலானியைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுதினால் பெருமை அடிப்பதாகிவிடும். அருள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வசனத்துக்கும் "தேங்க் யூ" என்றார், உதடு மட்டும் அசைய. அந்த ஆசிரியர் இரண்டு தரம் முன்னால் குனிந்து காதைக் கொடுத்தார். அப்படியும் கேட்டிருக்காது.

எழும்பும்போது பொறுப்பாசிரியை வந்து, மெதுவாக என் முழங்கையைத் தொட்டு, ஒருபக்கம் கூட்டிக்கொண்டு போனா.

"அவர் கூட வருவது உங்களுக்குச் சம்மதம்தானா? வேண்டுமானால் அடுத்த முறை உங்களுக்குத் தனியாக நேரம் தருகிறேன்."

நல்ல மனுஷி. எனக்காகத்தான் கேட்டா. நான் திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தின் அந்தப் பக்கத்தில் அருள் டிலானியின் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் இருவரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஒருத்தருக்கும் ஒரு பிழையும் செய்யாதவர். அந்த மண்டபத்தில் அவரைத் தலைகுனிய வைத்தது நான். "இட்ஸ் ஓகே" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

திரும்பி வரும்போது ஸ்டேஷனில் டிலானி எங்களைவிட்டுத் தள்ளி, அந்த வகுப்புப் பிள்ளை ஒருத்தியோடு கதைத்துக்கொண்டு நின்றாள். நான் அருளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சாள் சொன்ன கதை, நான் ரயிலில் சொல்லிக் கொடுத்தது, டிலானி கடைசியில் சொன்னது. சொல்லும்போது அவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும் ரஜி" என்றார்.

"ஆர் சொன்னது?"

"அவள்தான். அண்டைக்குப் பின்னேரமே. நான் கராஜால வர, என்ரை காலடியில இருந்து அழுதவள். உமக்குச் சொல்லவேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான். நீர் தாங்கமாட்டீர்."

"அதுக்குப் பிறகோ நீங்கள் இப்பிடிக் கதைக்கத் தொடங்கினது?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் சத்தமாக் கதைச்சு, அதை ஆராவது கேட்டு, சொல்லிவைச்சால் என்ன நடக்கும்? திரும்பவும் அவளைக் கூப்பிட்டு இருத்திக் கேப்பினம். அவள் திரும்பவும் அதைச் சொல்லவேணும். பிள்ளையை ஒருக்காச் சொல்லவைச்சது போதும்."

நாலு மாதம். சொந்த வீட்டில், உப்புக் கேட்கவும் பயந்துகொண்டு. நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், அவர் குடித்தார்.

பிளாட்பாரத்தில் சனம் பார்க்க அழுதேன். டிலானி ஓடிவந்தாள். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து மூன்று பேரும் சமையலறையில் இருந்து கதைத்தோம். எழுதிக் கொடுத்ததை மாற்ற வேண்டும் என்றேன். பொறுப்பாசிரியையின் கொப்பியில் அருளின் பெயருக்குப் பக்கத்தில் உள்ளதை வெட்ட வேண்டும்.

"அவையள் கிளாஸை நிப்பாட்டலாம் அம்மா" என்றாள் டிலானி. அடுத்த வருடமும் அந்தப் பாடம் இருந்தால்தான் அவளுடைய விண்ணப்பம் நிற்கும். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். "ரெண்டு தரம் பொய் சொல்லியிருக்கிறம். ஏன் நம்பவேணும்?"

  அருள்தான் சொன்னார், வேண்டுமானால் தான் மட்டும் இப்படியே சத்தமில்லாமல் இருந்துவிடுவதாக, தனக்குப் பழகிவிட்டதாக. டிலானி மேசையில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டு, "இல்லை அப்பா" என்றாள். பிறகு என்னிடம் ஃபோனை நீட்டினாள். "அப்பொயின்ட்மென்ட் கேளுங்கோ."

தங்கைக்கு நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். நாளைக்கு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் தந்திருக்கிறார்கள். அருள் லீவு எடுத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமைக்கு உரிய கணக்குகளை டிலானி முன்னறையில் செய்துகொண்டிருக்கிறாள், செவ்வாய்க்கிழமை அவளை உள்ளே விடுவார்களா என்று தெரியாமலே. அங்கே போய் என்ன சொல்வது என்று அவள் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. கையில் ஒரு கதையும் இல்லாமல் நான் ஒரு வாசலுக்குப் போவது இதுதான் முதல் தடவை.